சபைச் சகோதரருக்குக் கடன் பிணை நிற்கலாமா?

உவர்மலைத் தம்பி:
எங்கள் சபைப் பாட்டுக்குழுவில் ஆறு வருடமாக என்னோடு இருக்கும் ஒரு அண்ணன், படகு எஞ்சினுக்கு லோன் எடுக்கிறார். எனக்கு அரசாங்கச் சம்பளம் என்பதால் பிணைக்கு என் கையெழுத்தைக் கேட்கிறார். மனைவிக்கு விருப்பமில்லை. "பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவனை நம்பாவிட்டால் வேறு யாரைத்தான் நம்புவாய்?" என்று அவர் கேட்டது மனதில் கிடந்து அரிக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நிலாவெளி பிரதர்:
போடுங்கள் தம்பி. விசுவாச குடும்பத்தாருக்கு விசேஷமாக நன்மை செய்யச் சொல்கிறது கலாத்தியர் 6:10. முன்பு சபையைத் துன்புறுத்திய சவுலை (பிற்பாடு பவுல்) எருசலேமில் கண்டு சீஷர் எல்லோரும் பயந்தார்கள். பர்னபா ஒருவர்தான் அவரைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனார். எதற்கு வீண் வம்பு என்று அவரும் ஒதுங்கியிருந்தால்?

பாலையூற்று அக்கா:
பர்னபா கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப் போகவில்லை பிரதர். சவுல் வழியில் ஆண்டவரைக் கண்டதையும், தமஸ்குவில் துணிந்து பேசியதையும் எடுத்துச் சொன்னார். விஷயம் தெரிந்துதான் பொறுப்பெடுத்தார்.

என் கணவரும் கோயில் சிநேகிதர் ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் மாதமே தவணை நின்றுவிட்டது. அவர் போன் எடுக்கவில்லை, கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒன்றரை வருடம் நாங்கள் கட்டினோம். மகளுடைய டியூஷனை நிறுத்தினோம். அந்த மனிதர் இன்றும் பூசைக்கு வருகிறார். எங்களைக் கண்டால் பக்கவாசலால் போய்விடுவார். தம்பி, உங்கள் மனைவி சொல்வதைத் தட்டிவிடாதீர்கள்.

நிலாவெளி பிரதர்:
அக்கா, உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனால் ஒருவர் செய்ததற்கு இன்னொருவரைத் தண்டிக்கலாமா? அன்பு சகலத்தையும் விசுவாசிக்கும் என்று 1 கொரிந்தியர் 13 சொல்கிறது. பேப்பரும் சாட்சியும் கேட்கத் தொடங்கினால் சபை எதற்கு?

பாலையூற்று அக்கா:
அன்பே உருவான இயேசுவே எல்லோரையும் நம்பி இணங்கிவிடவில்லை. மனுஷருக்குள் இருப்பதை அவர் அறிந்திருந்தார் என்று யோவான் 2 சொல்கிறது. பவுல் எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த காசை ஒரே ஆளிடம் கொடுத்தனுப்பவில்லை. கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார், 2 கொரிந்தியர் 8. தீத்துவோடு வேறு சகோதரரும் போனார்கள். அது தீத்து மேல் சந்தேகமா?

எங்கள் கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் நூல் உண்டு, உங்களுடையதில் இல்லை. நல்லவர் அயலாருக்குப் பிணை நிற்பார் என்று அதன் 29ஆம் அதிகாரம் சொல்கிறது. பிணை நின்று அழிந்தவர்கள் பலர் என்பதும் அங்கேயே இருக்கிறது. கடைசியில், உன்னால் முடிந்த அளவு உதவு, ஆனால் நீயும் விழுந்துவிடாதே என்கிறது. அன்று இதை வாசித்திருந்தால் என் கணவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

மூதூர்க்காரன்:
நான் கடல் தொழில். 2004 சுனாமியில் வலை எல்லாம் போனது. புது வலையைக் கடனாகத் தந்தவர் கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் முதலாளி. துண்டுகூட எழுதவில்லை. கடனை அடைத்த அன்று ஏன் நம்பினீர்கள் என்று கேட்டேன். "முந்தி ஒருநாள் மீன் காசில் கூடப் போனதைப் பின்னேரமே திருப்பிக் கொண்டுவந்தாயே" என்றார். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

நல்ல சமாரியன் கதையில் சத்திரத்துக்காரனை யோசித்துப் பாருங்கள். யூதர் ஒதுக்கிய சமாரியன் அவனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். முந்திய நாள் அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிவந்து அவன் பராமரித்ததைச் சத்திரத்தில் பார்த்திருப்பார்கள். சபை, சாதி பார்த்து வந்த நம்பிக்கை இல்லை அது.

தம்பி, அந்த அண்ணன் உங்களோடு சீட்டுப் போட்டிருக்கிறாரா? வாடைக்காற்றில் கடலுக்குப் போக முடியாத மாதம், காசு இல்லாதபோது என்ன செய்தார்? நாளுக்கு முதலே வந்து சொன்னாரா, போனை அணைத்து வைத்தாரா? இதைப் பாருங்கள். ஞாயிறு பாட்டில் இது தெரியாது.

நிலாவெளி பிரதர்:
மூதூர் அண்ணன் சொன்னது எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் கடைசியில் எல்லாம் தெரிந்த பிறகு போடும் கையெழுத்தை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழுதும் தெரியாத இடத்தில்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

பாலையூற்று அக்கா:
முழுதும் ஒருநாளும் தெரியாது பிரதர். தெரிந்துகொள்ளக் கூடியதையும் கேட்காமல் விட்டதுதான் எங்கள் பிழை.

உவர்மலைத் தம்பி:
சீட்டு உண்டு. போன மார்கழியில் மழைக்குள் நனைந்துகொண்டு வந்து, "இந்த மாதம் பாதிதான், மீதி தை கடைசியில்" என்று வாசலில் நின்றே சொன்னார். சொன்னபடி தந்தார். இன்று மனைவிக்கு ஞாபகப்படுத்தியபோது, தேத்தண்ணி குடிக்காமல் போன ஆள்தானே என்றாள். அப்புறம் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. லோன் தவணை எவ்வளவு, வாடை மாதங்களில் எதை வைத்துக் கட்டுவார் என்று நாளைக்கு அவர் வீட்டில் போய் நேரே கேட்கப் போகிறோம். அவளும் வருகிறாள்.