நிக்கல் கழுவுற தண்ணிக்கு மெம்ப்ரேனா, எலக்ட்ரோகோயகுலேஷனா?

பிறைக்காரன்:
வணக்கம். மலேசியா, பினாங்குல இருக்குற பிறையில ஒரு சின்ன பிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறையில சூப்பர்வைசர். பூசின சாமான கழுவுற தண்ணியில காஸ்டிக் சோடா போட்டுத்தான் நிக்கல படிய வைக்கிறோம், ஆனா ரெண்டு மாசமா லேப் ரிப்போர்ட்ல வெளிய விடுற தண்ணியில நிக்கல் லிட்டருக்கு 1 மில்லிகிராம தாண்டுது, எங்களுக்கு கழிவுநீர் விதியில ஸ்டாண்டர்ட் பி, லிமிட்டே அதான். ஒரு சேல்ஸ்மேன் யூஎஃப் (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) மெம்ப்ரேன், அதாவது நுண்ணிய வடிகட்டி, போதும்ங்கறாரு, இன்னொருத்தர் கரண்ட் விட்டு அழுக்க திரட்டுற எலக்ட்ரோகோயகுலேஷன் வாங்குங்க கெமிக்கலே வேணாம்ங்கறாரு. தவுக்கே (முதலாளி) என்னையே முடிவு பண்ண சொல்லிட்டாரு. எங்க லோங்காங் (சாக்கடை) தண்ணி ஆத்துல கலந்து கெராங் (சிப்பி) எடுக்குற கரைக்குத்தான் போகுது, அத நெனச்சாலே மனசு கேக்கல.

ஜூரு அண்ணன்:
தம்பி, யூஎஃப் மட்டும் வாங்கிடாதீங்க லா. அதோட ஓட்டை 0.01லேருந்து 0.1 மைக்ரான், படிஞ்ச பொடியத்தான் புடிக்கும், கரைஞ்சு கிடக்குற நிக்கல் அப்படியே பூந்து போயிரும். ஆர்ஓ (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்) மெம்ப்ரேன் அதயும் தடுக்கும், தண்ணியயும் திரும்ப கழுவ எடுத்துக்கலாம், ஆனா தடுத்த நிக்கல் கான்சென்ட்ரேட்டுல (மிஞ்சுற அடர்த்தியான தண்ணியில) சேந்து நிக்கும், அத என்ன பண்ணப்போறீங்கன்னு முன்னாடியே யோசிக்கணும். எலக்ட்ரோகோயகுலேஷன் நான் 4 வருஷம் ஓட்டிருக்கேன். இரும்பு இல்ல அலுமினியத் தகடு கரண்ட்ல கரைஞ்சு ஹைட்ராக்சைடா மாறி நிக்கலயும் சேத்து இழுத்துட்டு வரும், நல்லா வேலை செய்யும். ஆனா கழுவுற தண்ணியில உப்பு கம்மி, கரண்ட் சுலபமா பாயாது, வோல்டேஜ் ஏறும், பில்லும் ஏறும். தகட்டுல படலம் கட்டிக்கும், பிளஸ் மைனஸ மாத்தி மாத்தி ஓட்டணும். அது இருக்கட்டும், உங்களது கரண்ட் விட்டு பூசுற நிக்கலா, கரண்ட் இல்லாம கெமிக்கல்ல பூசுற எலக்ட்ரோலெஸ்ஸா?

பிறைக்காரன்:
ரெண்டும் இருக்குண்ணே. எலக்ட்ரோலெஸ் லைன் போட்டு மூணு மாசம்தான் ஆச்சு. எல்லா தண்ணியும் ஒரே தொட்டிக்குத்தான் போகுது.

லேப் அக்கா:
அங்கதான் தம்பி சிக்கல்! எலக்ட்ரோலெஸ் கரைசல்ல சிட்ரேட் மாதிரி சாமான் போட்டிருப்பாங்க, அது நிக்கல இறுக்கி புடிச்சுக்கும், பிஎச்ச 10க்கு ஏத்தினாலும் ஒழுங்கா படியாது. ஒரே தொட்டின்னா மத்த லைன் நிக்கலயும் அதுவே புடிச்சு வச்சிக்கும். முதல்ல பைப்ப பிரிங்க. பழைய லைனுக்கு காஸ்டிக்கே போதுமா இருக்கலாம். எலக்ட்ரோலெஸ் தண்ணிய மட்டும் தனியா எடுத்து, கரண்ட் விட்டு ஆனோடுல (பிளஸ் தகட்டுல) சிட்ரேட்ட ஆக்ஸிடைஸ் பண்ணி ஒடைச்சுட்டு அப்புறம் படிய வைக்கலாம், அளவு கம்மிங்கறதால மெஷினும் சின்னதா போதும். இன்னொன்னு, எந்த மெஷின் வாங்கினாலும் ஸ்லட்ஜ் (உலோகச் சேறு) வரும். அது 2005 ஆபத்தான கழிவு விதிப்படி எஸ்டபிள்யூ 204ங்கற வகை, 180 நாளைக்கு மேல பட்டறையில வச்சிருக்கக் கூடாது, 20 டன்னையும் தாண்டக் கூடாது. அந்தச் செலவ சேல்ஸ்மேன் கொட்டேஷன்ல போடமாட்டாங்க, நீங்கதான் கேக்கணும்.

பிறைக்காரன்:
ரொம்ப நன்றிக்கா, அண்ணே. நாளைக்கு காலையிலேயே ரெண்டு லைன் தண்ணியயும் தனித்தனி வாளியில புடிச்சு பிஎச் 10ல ஜார் டெஸ்ட் (சின்ன அளவுல படிய வச்சு பாக்குற சோதனை) பண்ணி லேபுக்கு அனுப்புறேன், ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுறேன்.