அப்பத்தா பாட்டைப் பதிவு செய்தால் கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல், எப்படிப் போக்குவது?

மேலூர்ப் பேத்தி:

வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு 81 வயது. போன மாதம் தெருவில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகுதான், இத்தனை நாள் இதை யாரும் எடுத்து வைக்கவில்லையே என்று எனக்குத் திக்கென்றது. நடவுப்பாட்டும் தாலாட்டும் வேறு நிறையத் தெரியுமாம், இத்தனை வருடம் நாங்கள் கேட்டதே இல்லை.

என்னிடம் இருப்பது ஒரு பழைய லேப்டாப், ஹெட்போன் ஓட்டையில் செருகும் காலர் மைக், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். பதிவு செய்து கேட்டால் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல், அதற்கு மேல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இன்னொன்று. ஃபேனை நிறுத்திப் பார்த்தேன், போகவில்லை. ஒன்று கவனித்தேன், லேப்டாப்பின் இரும்பு விளிம்பில் கை வைத்தால் ‘ம்ம்ம்’ பாதியாகக் குறைகிறது, எடுத்தால் திரும்ப வருகிறது. நாய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சலைக் குறைக்கும் வசதி) போட்டால் அப்பத்தா குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடுகிறது. புது மைக் வாங்க வேண்டுமா?

செல்லூர் மைக்செட்:

மைக் வாங்காதீர்கள். முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ‘ம்ம்ம்’ போய்விட்டால் அது கரண்டில் இருந்து வருகிறது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை, அதனால் இரைச்சல் 50-லும் அதன் மடங்குகளான 100, 150, 200-லும் வந்து உட்காரும். ஆடாசிட்டியில் அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் என்று இருக்கிறது, யாரும் பேசாத இடத்தைத் தேர்ந்தெடுத்து அதைப் போட்டால் அந்த இடங்களில் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். பெண் குரலின் அடிச்சுருதியும் கிட்டத்தட்ட 150, 200 பக்கம்தான். இரைச்சலை வெட்டினால் குரலும் சேர்ந்து வெட்டுப்படுகிறது, நீங்கள் சொல்லும் தண்ணீர்க் குரல் அப்படித்தான் வருகிறது. வருகிற வழியை அடைப்பதுதான் வைத்தியம்.

‘ஸ்ஸ்ஸ்’ தனிக் கதை. விண்டோஸில் மைக் ப்ராப்பர்ட்டீஸில் மைக்ரோஃபோன் பூஸ்ட் 30-ல் கிடக்கும், 10-க்கு இறக்குங்கள். அதற்கு ஈடாக மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், தாடைக்குக் கீழே ஒரு சாண் போதும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், இரைச்சல் ஏறாது. உரக்கப் பாடும் இடத்தில் பதிவின் அளவைக் காட்டும் மீட்டர் -12-க்கும் -6-க்கும் நடுவில் நின்றால் சரி.

மேலூர்ப் பேத்தி:

சார்ஜரைக் கழற்றினேன், ‘ம்ம்ம்’ சுத்தமாக இல்லை! ஆனால் பேட்டரி 20 நிமிடம்கூடத் தாங்காது, அப்பத்தா ஒரு பாட்டை ஆரம்பித்தால் நடுவில் அந்த வயல் யாருடையது, அந்த வருடம் பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் எப்போது வந்தது என்று எல்லாம் சொல்லித்தான் முடிக்கும், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. இன்னொன்றும் சொல்ல மறந்துவிட்டேன், சார்ஜர் போட்டிருக்கும்போது அந்த விளிம்பைத் தடவினால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல நமநமக்கிறது.

வயர்மேன்:

அந்த நமநமப்புதான் விஷயம், தங்கச்சி. உங்கள் சார்ஜர் மூன்று பின்னா? அதை இரண்டு பின் அடாப்டரில் செருகி எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டிருக்கிறீர்களா? மூன்று பின்னில் தடித்த பின் எர்த். சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற துளிக் கரண்ட் அந்த எர்த் வழியாகத்தான் இறங்க வேண்டும். வழி இல்லாவிட்டால் லேப்டாப் உடம்பிலேயே நிற்கும், மைக் வயருக்கும் ஏறும். நீங்கள் கை வைத்ததும் குறைவது உங்கள் உடம்பு வழியாக இறங்குவதால்தான்.

அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் மூன்று பின்னையும் செருகிப் பாருங்கள். அப்படியும் இரைந்தால் சாக்கெட்டில் எர்த் ஓட்டை இருக்கிறதே தவிர உள்ளே வயர் வரவில்லை என்று அர்த்தம், பழைய வீடுகளில் சர்வசாதாரணம். நீங்களே கழற்றாமல் ஆள் வைத்துப் பாருங்கள். அவர் டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் பிடித்தால், நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் வயர்) பிடித்தால் எரிவது போலவே பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் எர்த் குழி காய்ந்திருக்கலாம். மேலூர்ப் பக்கம் பாறைப் பூமி, கோடையில் மண்ணில் ஈரமே நிற்காது. குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், போதாவிட்டால் கரியும் உப்பும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். சிலர் வேலையைச் சுருக்க சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த லைனில் இருக்கிற ஃப்ரிட்ஜ், மோட்டார், லேப்டாப் உடம்பு எல்லாவற்றிலும் 230 வோல்ட் நிற்கும். வயசானவர் இருக்கிற வீடு.

மேலூர்ப் பேத்தி:

அண்ணே, நீங்கள் சொன்னதேதான். கூடத்துச் சாக்கெட்டில் எர்த் வயரே வரவில்லை. அடுப்படியில் கிரைண்டர் ஓடும் சாக்கெட்டில் இருக்கிறது, நேற்று அங்கேயே பாயை விரித்து அப்பத்தாவை உட்கார வைத்தேன். நமநமப்பு போச்சு, ‘ம்ம்ம்’ போச்சு. கூடத்துக்கும் எர்த் இழுக்க வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்.

பூஸ்ட்டைக் குறைத்து மைக்கைக் கிட்டே வைத்ததில் ‘ஸ்ஸ்ஸ்’ கேட்பதே இல்லை. ஆனால் கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையில் மைக்கைக் குத்தினேன், மூச்சு விடும்போதெல்லாம் சரசரவென்று ஒரே சத்தம். மெல்லிய பழைய வாயில் துணிச் சேலைக்கு மாற்றி, மடிப்புக்குள் புதையாமல் மைக்கை வெளியே நிறுத்திய பிறகு அடங்கியது. ஃபேன் இல்லாமல் பகலில் முடியாது என்பதால் விடியற்காலை 5 மணிக்கு எடுக்கிறோம். சேவல் கூவுகிறது, வெற்றிலை உரலை அப்பத்தா இடிக்கும் ‘டொக் டொக்’ கேட்கிறது. அதை எல்லாம் பதிவில் இருந்து நீக்க வேண்டுமா?

செல்லூர் மைக்செட்:

நீக்கவே நீக்காதீர்கள், அது அவர் வீட்டுச் சத்தம். 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டும் ஃபில்டர்) மட்டும் போடுங்கள், நாய்ஸ் ரிடக்‌ஷன் தேவைப்பட்டால் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். அதுவும் நகலில்தான். கை வைக்காத மூலப் பதிவை வேவ் கோப்பாகவே வையுங்கள், மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) நொடிக்கு 48000 மாதிரி, 16 பிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 350 எம்பிதான் ஆகும். லேப்டாப்பில் ஒன்று, வேறொரு வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தேதியையும், அதை யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். வயலைப் பற்றிய பேச்சையும் வெட்டிவிடாதீர்கள்.