ட்ரெவர் நோய்: 'அரையங்கம்' வேண்டாமே

ஐயா, வணக்கம்.

குழந்தைகளின் மூட்டில் வரும் ட்ரெவர் நோயை மருத்துவத்தில் 'டிஸ்பிளேசியா எபிஃபிசியாலிஸ் ஹெமிமெலிக்கா' என்பார்கள். அதற்குத் தமிழில் 'அரையங்க முனைப் பிறழ்ச்சி' என்ற உங்கள் பரிந்துரையில் எனக்கு இடறுவது முதல் சொல்தான். 'ஹெமிமெலிக்கா'வைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அரையங்கம் வரும், சரி. ஆனால் 'ஹெமிமீலியா' என்று முடியும் வேறு குறைகளில் காலெலும்பு ஒன்று முழுதாகவோ பாதியாகவோ இல்லாமலே குழந்தை பிறக்கிறது. ட்ரெவர் நோயில் எதுவும் குறைவதில்லை. மூட்டில் வந்து சேரும் எலும்பு முனையின் ஒரு பாதியில் மட்டும் குருத்தெலும்பு கூடுதலாக வளர்கிறது. பெரும்பாலும் கணுக்காலில் அல்லது முழங்காலில், அதுவும் உட்பக்கத்தில். டிஸ்சார்ஜ் சீட்டில் 'அரையங்கம்' என்று படிக்கும் தாய் பதறிப்போவாள்.

பெயர் மாறுவது இந்த நோய்க்குப் புதிதல்ல. 1926இல் மூஷே, பெலோ என்ற மருத்துவர்கள் இருவரும் பாத எலும்பு பெருப்பதை வைத்துப் பெயரிட்டார்கள். 1950இல் ட்ரெவர் என்ற மருத்துவர் வேறொன்று வைத்தார். 'ஹெமிமெலிக்கா' என்று முடியும் இப்போதைய நீளப் பெயர் 1956இல் மருத்துவர் ஃபேர்பேங்க் வைத்தது.

இன்னொரு நண்பர் சொன்ன 'முனைக்கட்டி' சுருக்கமானது. ஆனால் கட்டி என்றதும் நம் ஆட்கள் புற்றுநோய்க்குப் போய்விடுவார்கள். அப்புறம் 'வெட்டி எடுத்துவிடுங்கள் டாக்டர்' என்பார்கள். இது புற்றாக மாறுவதில்லை. வலியில்லை, கால் கோணவில்லை என்றால் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவருவதே வைத்தியம். மூட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு தொல்லை தருவதை வெட்டி எடுக்கலாம். மூட்டின் வழவழப்பான பரப்போடு கலந்துவிட்டால் கத்தி வைக்கத் தயங்குவார்கள். பரப்பு கெட்டால் இளவயதிலேயே தேய்மானம் வரும். ஒரு பாதி மட்டும் கூடுதலாக வளர்வதால்தான் கால் கோணுகிறது. அப்போது எலும்பை வெட்டி நேராக்குவார்கள். வளரும் வயதென்றால் வளர்ச்சித் தட்டின் (எலும்பு நீளமாக வளரும் இடத்தின்) ஒரு பக்கத்தைச் சிறு தகடு வைத்துப் பிடித்து, மறுபக்கத்தை வளரவிட்டும் நேராக்கலாம்.

ஆகவே பெயரில் 'ஒருபக்கம்' கட்டாயம் வேண்டும். என் பரிந்துரை: 'ஒருபக்க மூட்டுமுனை மிகைவளர்ச்சி'. 'எலும்புமுனை' என்று வைத்தால் இலங்கை நண்பர்கள் 'என்புமுனை' என்பார்கள். மூட்டுமுனையில் அந்தத் தகராறு இல்லை; நோய் எங்கே என்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

நீளம்தான். பேச்சில் எப்படியும் ட்ரெவர் நோய் என்றுதான் சொல்லப்போகிறார்கள், போகட்டும். 'மிகைவளர்ச்சி'யா 'மிகுவளர்ச்சி'யா என்பதை மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். இலக்கணத்தில் நான் கொஞ்சம் தடுமாறுவேன்.