வாழைக் கறையில் இறுகும் மடக்குக் கத்தி: எந்தத் திறப்பு முறை ஏற்றது?

தேனி மாவட்டக் கூடலூரில் உள்ள எங்கள் தோப்பில், ஒரு கையால் வாழைத்தாரைத் தாங்கிக்கொண்டே மறுகையால் முட்டுக்கயிற்றை அறுக்க வேண்டியிருப்பதால், பெருவிரலால் தள்ளித் திறக்கும் குமிழ் வைத்த, மூன்று அங்குல அலகும், விரிந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் லைனர் லாக்கும் உள்ள மடக்குக் கத்தி ஒன்றைச் சித்திரையில் குமுளியில் வாங்கினேன். ஆடியிலிருந்து அலகு பாதியிலேயே நின்றுவிடுகிறது. கீல் இடுக்கில் வாழைக் கறை கறுத்து இறுகியிருக்கிறது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தையல் மிஷின் எண்ணெய் விட்டது சில நாள்தான் தாங்கியது. கீல் திருகைத் தளர்த்தினால் எளிதாகத் திறந்தாலும், அலகு பக்கவாட்டில் ஆடுகிறது; அப்படி ஆடும் கத்தியை நம்பி அறுக்க எனக்குத் துணிவில்லை. அலகை நகத்தால் இழுத்துத் திறக்கும் நகப்பள்ளம் உள்ள பழைய வகைக்கு இரண்டு கையும் வேண்டும். பின்புற நாக்கை ஆள்காட்டி விரலால் அழுத்தும் ஃபிளிப்பர், கீல் வழுவழுப்பாக இருந்தால்தான் ஒரே அழுத்தில் விரியும் என்பதால் அதிலும் தயக்கம் உண்டு.

கறையும் ரப்பர் கையுறையுமாக நடக்கும் இந்த வேலைக்கு, ஃபிளிப்பர், அலகிலேயே பெருவிரல் துளை உள்ள வகை ஆகிய இரண்டில் எது தடையின்றித் திறக்கும்?