கணுக்கால் முறிவுக்குப் பின் பிசியோதெரபி: உங்களுக்கு என்ன நடந்தது?

திருச்சி வாசகி:
எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது, கணுக்கால்தான் மடங்கவில்லை. பிசியோதெரபிப் பெண் என்னைச் சுவரோரம் நிறுத்தி, "குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள் அக்கா" என்றார். நல்ல கால் கையகலம் தள்ளி நின்றும் தொட்டது. முறிந்த காலின் கட்டைவிரல் சுவரை முட்டிக்கொண்டிருந்தும் முழங்கால் எட்டவில்லை. அந்த இடைவெளியைப் பார்த்து அழுதுவிட்டேன். "இனி குந்தி உட்கார்ந்து கோலம் போட முடியாதா?" என்று கேட்டேன். அவர் கணுக்காலின் முன்பக்கத்தைப் பின்னோக்கித் தள்ளிப் பிடித்து, "இப்போது மடக்குங்கள்" என்றார். சற்று நெருங்கியது. ஆனால் என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற நடத்துநர்:
உங்களுக்குப் பொறுமையான கை வாய்த்திருக்கிறது அம்மா. எனக்கு வாய்த்தவர் பாதத்தைப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினார். நான் கத்தியது வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவிக்குக் கேட்டது. "கத்தினால்தான் மடங்கும்" என்றார். அன்றிரவு கால் மத்தளமாக வீங்கியது. இருந்த அசைவும் போயிற்று. அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வலிக்க வலிக்கச் செய்யும் இடத்துக்கு யாரும் போகாதீர்கள்.

மதுரைக்காரர்:
ஐயா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் பயிற்சியையே நிறுத்திவிடக் கூடாது. இழுப்பு தெரியத்தான் வேண்டும். வலியும் வீக்கமும் மறுநாள்வரை தங்கினால்தான் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

என் கதை சிறியது. ஸ்கூட்டர் சறுக்கியது, பிளேட் வைத்தார்கள். பிறகு மாடிப்படி ஏற முடிந்தது, இறங்க முடியவில்லை. ஒருநாள் பாதிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இறங்கும்போது மேற்படியில் நிற்கிற கால்தான் நன்றாக மடங்க வேண்டும். சமதரையில் நடக்கச் சுமார் 10 டிகிரி மடங்கினால் போதும். படி இறங்க அதைவிட அதிகம் வேண்டும், குந்துவதற்கு இன்னும் அதிகம். "நடக்கிறேனே, போதாதா?" என்று பாதியில் விடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதுவரை முறிந்த காலை முதலில் கீழ்ப்படியில் வையுங்கள், கைப்பிடியை விடாதீர்கள். பயிற்சிக்கு முன் வெதுவெதுப்பான நீரில் காலை வைத்திருந்தால் இறுக்கம் தளரும். மாலை வீக்கம் பல மாதங்கள் இருக்கும். படுக்கும்போது தலையணைமேல் காலை உயர்த்தி வையுங்கள். நல்லெண்ணெயோடு நீவ வரும் உறவினர்களிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவக் கூடாது, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.