தனுஷ்கோடி கட்டுரை இருக்கிறது, என் புரோகிராம் மட்டும் இல்லை என்கிறது (விக்கிப்பீடியா ஏபிஐ)

பாம்பன்_பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்துக்குச் சின்ன வேலை ஒன்று செய்து கொடுக்கிறேன். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் ஊர்ப்பெயரையோ மீன் பெயரையோ கிளிக் செய்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கும் அறிமுகப் பத்தி திரையில் வர வேண்டும், அவ்வளவுதான். டீச்சர் பட்டியல் கொடுத்திருக்கிறார். ஊர், தீவு, மீன் எல்லாம் சேர்த்து 46 பெயர்கள்.

பைத்தானில் எழுதியிருக்கிறேன். போனிலிருந்து எழுதுவதால் கோடை ஒட்ட முடியவில்லை, வாயால் சொல்வது போலவே சொல்கிறேன். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் ஏபிஐக்கு (புரோகிராம்கள் நேரடியாகத் தகவல் கேட்கும் வழி) ஆக்‌ஷன் க்வெரி, ப்ராப் எக்ஸ்ட்ராக்ட்ஸ், அறிமுகம் மட்டும், வெறும் டெக்ஸ்ட் என்று கேட்கிறேன். 46 பெயரையும் நடுவில் நெடுங்கோடு (|) போட்டு ஒரே கோரிக்கையில் அனுப்புகிறேன். பதிலில் வரும் தலைப்பை என் பட்டியலில் உள்ள பெயரோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பத்தியை எடுத்துக்கொள்கிறேன். பொருந்தாவிட்டால் 'கட்டுரை இல்லை'.

பிரச்சினை இரண்டு.

பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், பெரியபட்டினம் எல்லாம் கிடைக்கின்றன. தனுஷ்கோடி, தொண்டி, வாலிநோக்கம், கொடுவா, இன்னும் சில பெயர்களுக்கு 'கட்டுரை இல்லை' என்று வருகிறது. என் பட்டியலிலிருந்தே தனுஷ்கோடியைக் காப்பி செய்து பிரவுசரில் விக்கிப்பீடியாவில் ஒட்டினால் கட்டுரை அழகாகத் திறக்கிறது! ராமேஸ்வரமும் இல்லை என்கிறது. ராமேஸ்வரத்துக்கே கட்டுரை இல்லை என்றால் டீச்சர் என்னைத் திட்டுவார்.

இரண்டாவது, கட்டுரை கிடைத்த பெயர்களிலும் பாதிக்குப் பத்தி காலியாக வருகிறது.

யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கச்சான்காத்து:

இதற்கு எதற்கு ஏபிஐ? பக்கத்தை அப்படியே இறக்கி முதல் பத்தியை வெட்டி எடுத்துவிடுங்கள். தடுத்தால் யூசர் ஏஜென்ட்டில் (கோரிக்கை அனுப்புவது யார் என்று சொல்லும் வரி) குரோம் பெயரைப் போட்டு அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

பனைஓலை:

தம்பி, கச்சான் சொல்வதைச் செய்யாதீர்கள். பக்கத்தை வெட்டினால் முதலில் வருவது தகவல் பெட்டி, அப்புறம் ஆள்கூறுகள், சில பக்கங்களில் மேலே ஒரு அறிவிப்பு வார்ப்புரு. பக்கத்துக்குப் பக்கம் மாறும், திருத்தியே ஓய்ந்துபோவீர்கள்.

யூசர் ஏஜென்ட் விஷயத்தில் விக்கிமீடியாவின் விதி தெளிவாகவே இருக்கிறது: உங்கள் நிரலின் பெயரும் உங்களைத் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சலோ முகவரியோ அதில் இருக்க வேண்டும், பிரவுசர் பெயரைத் திருடிப் போடக் கூடாது. பைத்தானில் கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் தானாகப் போடும் பெயரோடு போனால் 403 (அனுமதி மறுப்பு) வாங்கவும் வாய்ப்பு உண்டு. உண்மையான பெயரைப் போடுங்கள், ஒரு வரிதானே.

காலிப் பத்திக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு கோரிக்கையில் 50 தலைப்புகள் வரை கேட்கலாம், ஆனால் அறிமுகப் பத்தி ஒரு தடவைக்கு 20தான் வரும். மிச்சத்துக்குக் கட்டுரையின் பெயரும் எண்ணும் இருக்கும், பத்தி இருக்காது. எந்த 20 என்பதும் உங்கள் பட்டியல் வரிசைப்படி வராது. பதிலின் தலைமாட்டில் கண்டினியூ என்று ஒரு பகுதி வந்திருக்கும், பாருங்கள். அதற்குள் இருப்பதை எல்லாம் அப்படியே பழைய கோரிக்கையோடு சேர்த்துத் திரும்ப அனுப்பினால் அடுத்த 20 வரும். கண்டினியூ வராமல் நிற்கும் வரை சுற்ற வேண்டும். வந்த பத்திகளைப் பக்க எண்ணை வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றின் காலிப் பத்தி முதல் சுற்றில் வந்த நல்ல பத்தியை அழித்துவிடக் கூடாது, அங்கே கவனம்.

ராமேஸ்வரம் வழிமாற்றுப் பிரச்சினை. நீங்கள் கேட்பது ராமேஸ்வரம், கட்டுரை இருப்பது இராமேசுவரம் என்ற தலைப்பில். ரீடைரக்ட்ஸ் என்ற அளவுருவைச் சேர்த்தால் ஏபிஐயே உரிய கட்டுரைக்குக் கொண்டுபோகும். எந்தப் பெயர் எந்தப் பெயராக மாறியது என்பதும் பதிலில் தனியாக வரும்.

தனுஷ்கோடி ஏன் வரவில்லை என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

பாம்பன்_பொடியன்:

நன்றி அக்கா. கண்டினியூ வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, இப்போது மூன்று சுற்றில் எல்லாப் பத்தியும் வந்துவிட்டது. ராமேஸ்வரமும் வந்துவிட்டது. தனுஷ்கோடிக் கூட்டம் மட்டும் அடம் பிடிக்கிறது. ரீடைரக்ட்ஸ் போட்டும் பயனில்லை.

கீழக்கரை_காக்கா:

தம்பி, வராத பெயர்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். தனுஷ்கோடி, தொண்டி, வாலிநோக்கம், கொடுவா. கோ, தொ, நோ, கொ. வந்த பெயர்களில் ஒன்றிலாவது ஒகரமோ ஓகாரமோ இருக்கிறதா? பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், பெரியபட்டினம்... ஒன்றிலும் இல்லை.

டீச்சரின் பட்டியல் எதில் டைப் செய்தது? பாமினி மாதிரி பழைய எழுத்துருவிலிருந்து கன்வெர்ட்டர் வழியாக வந்ததா?

பாம்பன்_பொடியன்:

காக்கா, அதேதான்! டிடிபி கடையில் பாமினியில் அடித்த வேர்ட் ஃபைல். ஆன்லைனில் ஒரு கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றினேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கீழக்கரை_காக்கா:

பழைய வியாதி இது. யூனிகோடில் கோ என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். க போட்டு ஓகாரக் குறி ஒன்றைப் போடலாம். இல்லையென்றால் க, பிறகு ஏகாரக் கொம்பு, பிறகு கால் என்று மூன்றாகப் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், கண்ணால் பிரிக்கவே முடியாது. பழைய எழுத்துருக்களில் கொம்பு தனி, கால் தனி. அதனால் சோம்பேறி கன்வெர்ட்டர்கள் இரண்டையும் சேர்க்காமல் அப்படியே விட்டுவிடும்.

சோதித்துப் பாருங்கள். உங்கள் பட்டியலில் உள்ள தனுஷ்கோடியின் நீளத்தைப் பைத்தானிடம் கேளுங்கள், 10 என்று சொல்லும். கீபோர்டில் நீங்களே அடித்த தனுஷ்கோடிக்கு 9 வரும். தொண்டிக்கு 7ம் 6ம்.

பிரவுசரில் ஏன் திறக்கிறது என்றால், விக்கிப்பீடியா உள்ளே வாங்கும் எதையும் முதலில் என்எஃப்சி என்ற ஒழுங்குக்கு மாற்றிவிடும், அதாவது கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கிவிடும். ஏபிஐயும் அதையேதான் செய்கிறது. உங்களுக்குத் தனுஷ்கோடி கட்டுரை ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது! ஆனால் அதன் தலைப்பு 9 நீளத்தில் வருகிறது, நீங்கள் 10 நீளத்தோடு ஒப்பிடுகிறீர்கள். பதிலில் வார்னிங்ஸ் என்று ஒரு பகுதியும் வந்திருக்கும். அனுப்பிய எழுத்து ஒழுங்கில் இல்லை என்று அது கத்திக்கொண்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

செய்ய வேண்டியது: பைத்தானோடு கூடவே வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. பட்டியலைப் படித்த உடனேயே ஒவ்வொரு பெயரையும் என்எஃப்சிக்கு மாற்றிவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.

பதிலில் நார்மலைஸ்ட் என்ற பகுதியைப் பார்த்தும் பெயரைப் பொருத்தலாம்தான். ஆனால் இந்த மாதிரிக் கேஸில் பழைய பெயர் அங்கே சதவீதக் குறிகளாக உருமாறி வரும், அதைத் திரும்ப அவிழ்க்க வேண்டும். வாசலிலேயே சுத்தம் செய்வது லேசு. ரீடைரக்ட்ஸ் பகுதியை மட்டும் பார்த்துப் பொருத்துங்கள், ராமேஸ்வரத்துக்கு அது தேவை.

இன்னொன்று, பெயர்களை முகவரியிலேயே வைத்து அனுப்பும் கெட் கோரிக்கையை விட்டுவிட்டு, முகவரிக்கு வெளியே தனியாக அனுப்பும் போஸ்டுக்கு மாறுங்கள். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8ல் (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்தாகிவிடும். 'பாம்பன்' என்ற ஒரு பெயரே முகவரியில் 63 எழுத்துப் பிடிக்கிறது. பட்டியல் வளர்ந்தால் முகவரி நீளமே ஒரு நாள் உங்களைக் கவிழ்க்கும்.

பாம்பன்_பொடியன்:

காக்கா, ஒரே ஒரு வரி சேர்த்தேன், தனுஷ்கோடியும் தொண்டியும் வாலிநோக்கமும் வந்துவிட்டன! ரொம்ப நன்றி.

வௌவால் மட்டும் இன்னும் இல்லை என்கிறது. மீன் வௌவால். என்எஃப்சி போட்ட பிறகும் அப்படியே.

கீழக்கரை_காக்கா:

அது வேறு வியாதி. உங்கள் பட்டியலில் இருப்பது 'வெ' போட்டுப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தைப் போட்டது. ஔகாரக் குறியின் பின்பாதி பார்ப்பதற்கு ள மாதிரியே இருப்பதால் டிடிபி காலத்திலிருந்து இந்தக் குழப்பம் இருக்கிறது. ள தனி எழுத்து, அதனால் நார்மலைஸ் அதைத் தொடாது. தொடவும் கூடாது, 'வெளி' என்ற சொல்லைக் கெடுத்துவிடும். கையால்தான் திருத்த வேண்டும். கால் போட வேண்டிய இடத்தில் ர இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

திருத்தின பிறகு வரும் பத்தியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பாம்பன்_பொடியன்:

திருத்தினேன். மரத்தில் தலைகீழாகத் தொங்குகிற வௌவால் வந்துவிட்டது. மீன் பட்டியலில் அது நிற்கிறது, பிள்ளைகள் விடமாட்டார்கள்.

பனைஓலை:

எதிர்பார்த்ததுதான். நம் கரையில் சொல்லும் மீன், கடல் விலங்குப் பெயர்களை அப்படியே தலைப்பாகக் கேட்காதீர்கள். கடல்பசு என்பார்கள், ஆவுளியா என்பார்கள், கட்டுரை எந்தப் பெயரில் இருக்கிறதோ! இவற்றுக்கு மட்டும் ஏபிஐயின் லிஸ்ட் சர்ச் என்ற தேடலைப் பயன்படுத்துங்கள். தேடுசொல்லாக விலங்கியல் பெயரைக் கொடுங்கள். வெள்ளை வௌவாலுக்குப் பாம்பஸ் அர்ஜென்டியஸ், ஆவுளியாவுக்கு டியூகாங் டியூகான். இவற்றை ஆங்கில எழுத்திலேயே கொடுக்க வேண்டும். கட்டுரையில் அந்தப் பெயர் எங்கேயாவது எழுதியிருந்தால் தேடலில் சிக்கும். சிக்கியதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துவிட்டு, தலைப்புக்குப் பதில் பக்க எண்ணைப் பட்டியலில் எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது தலைப்பை நகர்த்தினாலும் எண் மாறாது.

தொண்டியையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். சேரர்களுக்கு மேலைக் கடற்கரையில் ஒரு தொண்டி இருந்தது, சங்கப் பாட்டில் வருவது அது. நம்ம ஊர்த் தொண்டி வேறு. வந்தது எது என்று பத்தியைப் படித்தால்தான் தெரியும். ஏபிஐயிடம் பேஜ்ப்ராப்ஸ் (பக்கத்தின் பண்புகள்) கேட்டால், அது பக்கவழி நெறிப்படுத்தல் வகையா, அதாவது ஒரே பெயருள்ள பல கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கமா என்றாவது தெரிந்துவிடும்.

கச்சான்காத்து:

இவ்வளவு இருக்கிறதா! சரி, பள்ளிக்கூடத்தில் நெட் போய்விட்டால்? வாடைக் காலத்தில் அந்தப் பக்கம் கரண்டும் நெட்டும் எப்படி என்று தெரியும்தானே.

கீழக்கரை_காக்கா:

இது நியாயமான கேள்வி. பிள்ளைகள் ஒவ்வொரு தடவை கிளிக் செய்யும்போதும் ஏபிஐக்கு ஓட வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை 46 பெயரையும் வாங்கி ஒரு ஜேசான் ஃபைலில் (தகவலைச் சேமிக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) போட்டு வைத்துக்கொண்டு, திரைக்கு அதிலிருந்து எடுங்கள். தமிழ் விக்கிப்பீடியா முழுசும் வேண்டுமென்றால் கிவிக்ஸ் என்ற செயலி இருக்கிறது, ஜிம் ஃபைலாக இறக்கி நெட் இல்லாமலே படிக்கலாம். உங்கள் வேலைக்கு அது பெரிய சைஸ், ஆனால் நூலகத்துக்கு நல்லதுதான்.

ஒவ்வொரு பத்தியின் கீழும் விக்கிப்பீடியா என்ற பெயர், கட்டுரையின் முகவரி, கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 என்ற உரிமம் இந்த மூன்றும் இருக்கட்டும். இலவசம் என்றாலும் அது நிபந்தனை.

பாம்பன்_பொடியன்:

மூன்றையும் சேர்த்துவிட்டேன். தொண்டி நம்ம தொண்டிதான், படித்துப் பார்த்தேன். கடைசியாக ஒன்று. தனுஷ்கோடிக்கு மட்டும் 1964 புயல் பற்றிய பகுதியும் வேண்டும் என்கிறார் டீச்சர். அறிமுகம் மட்டும் என்பதை எடுத்துவிட்டால் போதுமா?

பனைஓலை:

போதும். ஆனால் முழுக் கட்டுரை ஒரு கோரிக்கைக்கு ஒன்றுதான் வரும், அதனால் தனுஷ்கோடியைத் தனியாகக் கேளுங்கள். வெறும் டெக்ஸ்டில் உட்தலைப்புகள் சமக்குறிகளுக்கு நடுவில் வரும். புயல் பற்றிய தலைப்பு எதுவோ அதிலிருந்து அடுத்த தலைப்பு வரை வெட்டிக்கொள்ளுங்கள். அட்டவணையும் தகவல் பெட்டியும் இதில் வராது, அவற்றைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள்.