புதுப்பிப்பு: தோள்மூட்டு மாற்று, ஊசி போடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று

வலது தோள் தேய்ந்து, சட்டைக்குள் கையை நுழைக்கவே இடது கையின் தயவு வேண்டியிருக்கிறது, மூட்டை மாற்றிவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் வலி குறைய மூட்டில் இன்னொரு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள்.

சரி, வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் குருத்தெலும்பு தேய்ந்ததோடு, கையைத் தூக்கும் தசைநாரும் கிழிந்திருப்பது தெரிந்தது. அதனால் வழக்கமான மாற்று மூட்டு எனக்குச் சரிவராதாம், 'ரிவர்ஸ்' வகைதான். இயற்கையில் கை எலும்பின் தலை பந்து, தோள்பட்டை எலும்பு கிண்ணம். இதில் இரண்டையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். கிழிந்த தசைநாரின் வேலையை மேலே இருக்கும் டெல்டாய்டு தசை பார்த்துக்கொள்ளும். 1980களில் பிரான்சில் பால் கிராமோன் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை. மேசையில் இருந்த பிளாஸ்டிக் மாதிரியைக் கழற்றி மாட்டிக் காட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஊசி விஷயம்: போட்டால் அறுவையைக் குறைந்தது 3 மாதம் தள்ள வேண்டுமாம், இல்லையென்றால் தொற்று அபாயம் கூடும். நல்லவேளை, அவசரப்படவில்லை.

வலி பெருமளவு குறையும், ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது பழையபடி வராமல் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அறுவைக்கு அப்புறம் 4 முதல் 6 வாரம் கை தூளியில் இருக்குமாம். அதற்காக இப்போதே இடது கையால் ரசம் சாதம் சாப்பிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன், பாதி சட்டையில்தான் விழுகிறது.

சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் தேதி குறிப்போம் என்றிருக்கிறார்.